காயலான் கடைப் பாகங்களில் ஒரு ஹாட் ராட்: பழைய ஃபோர்டு மாடல் ஏ-யை முதலிலிருந்து கட்டுவது எப்படி

ஹாட் ராட் என்றதும் பக்கவாட்டில் தீச்சுவாலை வரைந்த, பின்டயர் பீப்பாய் மாதிரி இருக்கும் பளபள வண்டிதான் பலருக்கு நினைவுக்கு வரும். அது பிற்காலத்துக் கூத்து. நான் சொல்லப்போவது 1940-களில் தெற்குக் கலிபோர்னியாவின் பையன்கள் பழைய இரும்புக் கடையில் கிடைத்ததை வைத்துக் கட்டிய வண்டி. 1930 வாக்கில் வந்த ஃபோர்டின் உடம்பு, பத்துப் பதினைந்து வருடம் புதிய ஃபோர்டிலிருந்து கழற்றிய எஞ்சின், இன்னொன்றின் பிரேக். மட்கார்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு ம்யூராக், எல் மிராஜ் என்ற காய்ந்த ஏரிப் படுகைகளுக்குக் கொண்டுபோய் யாருடையது வேகம் என்று பார்ப்பார்கள். அந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்தத்தான் 1937-இல் எஸ்.சி.டி.ஏ. (சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன்) என்ற சங்கமே தொடங்கினார்கள்.

நான் கலிபோர்னியாவில் வீட்டு கராஜில் ஒன்றைக் கட்டி முடிக்க நான்கு வருடம் ஆனது. முதல் நாள் வீடியோ காலில் வண்டியைக் காட்டியபோது அப்பா, "ஏண்டா, காயலான் கடைக்குப் போட வேண்டியதைக் காசு கொடுத்து வாங்கிட்டு வந்திருக்கியா?" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் எந்தக் காயலான் கடைச் சாமான் எதோடு பொருந்தும் என்று தெரிவதுதான் இந்த வேலையின் முக்கால் பங்கு.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. ஹென்றி ஃபோர்டு பிடிவாதக்காரர். 1908-இல் வந்த மாடல் டி முதல் 1948 வரை, நாற்பது வருடம், முன்னால் ஒரே கட்டையான அச்சு, அதற்குக் குறுக்காக ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங், பின்னாலும் அதே மாதிரி என்ற அமைப்பை அவருடைய கார்கள் விடவே இல்லை. மற்ற கம்பெனிகள் வேறு வழிக்குப் போன பிறகும் இவர் மாறவில்லை. அதனால்தான் 1940-இன் பிரேக் 1930-இன் வண்டியில் அதிகம் வெட்டி ஒட்டாமல் உட்காருகிறது. 1949-இல் ஃபோர்டு அடிப்பாகத்தையே மாற்றியது, அதோடு இந்த உறவும் அறுந்தது. ஆகவே அச்சு, ஸ்பிரிங், பிரேக் எல்லாம் 48 வரைக்கும் உள்ள வண்டிகளிலிருந்து எடுங்கள், எஞ்சினுக்கு மட்டும் 53 வரை போகலாம்.

முதலில் ஒரு வருடத்தைத் தீர்மானியுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. "இந்த வண்டி 1950-இல் கட்டப்பட்டது" என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பிறகு வந்த எதுவும் கண்ணில் படக்கூடாது. இந்த ஒரு விதி நூறு குழப்பத்தைத் தீர்க்கும். சந்தையில் ஒரு அழகான ஸ்டியரிங் வீலைப் பார்ப்பீர்கள், விலையும் குறைவாக இருக்கும், 1957-இல் வந்தது என்று தெரிந்ததும் வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். வேண்டுமென்றே துருவை விட்டுவைத்து மண்டையோடு மாட்டும் பாணி ஒன்றும் இருக்கிறது, எனக்கு அது பிடிக்காது. அந்தக் காலத்துப் பையன்கள் காசு இல்லாமல்தான் ப்ரைமரோடு ஓட்டினார்கள், காசு வந்ததும் பெயின்ட் அடித்தார்கள்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்வது: 1930 அல்லது 31 மாடல் ஏ கூப் (கூரை நிலையாக உள்ள இரண்டு கதவு வண்டி), அதன் சொந்தச் சேஸி, அதாவது அடிச்சட்டம், 1949–53 ஃப்ளாட்ஹெட் வி8 (வால்வுகள் மேலே ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கும் எட்டு சிலிண்டர் எஞ்சின்), 1939 கியர் பாக்ஸ், 1940 பிரேக். எல்லோருக்கும் 1932 ஃபோர்டு மேல்தான் ஆசை, செல்லமாக டியூஸ் என்பார்கள், ஆனால் அதன் அசல் இரும்பு இன்று விற்கும் விலைக்கு அதை ஆசையாகவே வைத்துக்கொள்வது நல்லது. மாடல் ஏ ஏறத்தாழ 48 லட்சம் செய்தார்கள், இன்னும் கிடைக்கிறது.

உடம்பு வாங்குவது

பொமோனாவில் நடக்கும் பழைய பாகச் சந்தை எனக்குப் பக்கம். கிழக்கே இருப்பவர்களுக்கு அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி. விடிவதற்கு முன்னால் டார்ச்சோடு போங்கள், ஒன்பது மணிக்கெல்லாம் நல்லது போய்விடும்.

கூரை இல்லாத ரோட்ஸ்டருக்கு மவுசு அதிகம், கூப் மலிவு. ஆனால் கூப்பின் உடம்புக்குள் மரச்சட்டங்கள் உண்டு, தொண்ணூறு வருடத்தில் அது பெரும்பாலும் மக்கிப் போயிருக்கும். கூரையின் நடுப்பகுதியும் தகடு இல்லை, துணிதான். அது கிழிந்து மழை உள்ளே இறங்கியிருந்தால் கீழே உள்ளதெல்லாம் சந்தேகத்துக்குரியது. கதவுக்குக் கீழே ஓடும் பகுதி, பின் மட்கார்டு உட்காரும் இடம், முன்னால் கதவுக் கீலுக்கு அடிப்பகுதி, இந்த மூன்றிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே பட்டிதான் இருக்கிறது. கதவு ஒழுங்காகச் சாத்துகிறதா என்று பாருங்கள், சாத்தவில்லை என்றால் உடம்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது. மேலே தெரியும் நெளிவுக்கெல்லாம் பயப்படாதீர்கள், அது டிங்கரிங் வேலை, கையாலேயே எடுக்கலாம்.

அப்புறம் காகிதம். இதை யாரும் ஆசையாகச் செய்வதில்லை, ஆனால் இதில் கோட்டை விட்டால் நான்கு வருட உழைப்பு கராஜுக்குள்ளேயே நிற்கும். மாடல் ஏ-யின் எண் எஞ்சினிலும், சேஸியின் இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில் உடம்புக்கு அடியில் மறைந்தும் குத்தப்பட்டிருக்கும். பத்திரத்தில் உள்ள எண்ணும் சேஸியில் உள்ளதும் ஒன்றா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். காகிதமே இல்லாமல் பல வண்டிகளின் துண்டுகளிலிருந்து கட்டினால் கலிபோர்னியாவில் வீட்டில் கட்டிய வண்டி என்ற தனி வகையில் பதிய வேண்டும், அதில் புகைச் சோதனைச் சலுகை வருடத்துக்கு 500 பேருக்குத்தான். ஜனவரி முதல் வேலைநாளிலேயே அதற்குப் போட்டி இருக்கும்.

சேஸி

எல்லாவற்றையும் கழற்றி, சாண்ட் பிளாஸ்டிங் செய்து, வெறும் இரும்பாகப் பாருங்கள். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தால் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் எங்கேயோ எப்போதோ இடித்திருக்கிறார்கள்.

மாடல் ஏ-யின் நான்கு சிலிண்டர் எஞ்சின் 40 குதிரைத்திறன். அதைத் தாங்கச் செய்த மெல்லிய சேஸி இது, பக்கச் சட்டம் ஒரு பக்கம் திறந்த "ப" வடிவம். இதன்மேல் 100 குதிரைத்திறனை உட்கார வைத்தால் முறுக்கும். திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடி வெல்டிங் செய்து பெட்டியாக்க வேண்டும். சுமார் 3 மில்லிமீட்டர் தகடு போதும், முன் குறுக்குச் சட்டத்திலிருந்து குறைந்தது கியர் பாக்ஸ் முடியும் இடம் வரை. ஒரே மூச்சில் நீளமாக வெல்டிங் இழுக்காதீர்கள். சட்டத்தை ஒரு நேரான மேசையில் இறுகக் கட்டி, ஓர் அங்குலம் இங்கே, ஆறவிட்டு ஓர் அங்குலம் அந்தக் கோடியில், மறுபடி எதிர்ப் பக்கம் என்று தாவித் தாவிப் போங்கள். நான் பொறுமையில்லாமல் ஒரு பக்கத்தை ஒரே மதியத்தில் முடித்தேன், சட்டம் வாழைப்பழம் மாதிரி வளைந்தது, அதை நிமிர்த்த இரண்டு வாரம்.

நடுவில் உள்ள பழைய குறுக்குச் சட்டம் வி8-க்கும் அதன் கியர் பாக்ஸுக்கும் இடம் விடாது. அதை வெட்டி எடுத்துவிட்டு, கியர் பாக்ஸின் பின்பக்கத்தைத் தாங்க குழாயில் ஒரு புதிய தாங்கி செய்யுங்கள். ஆனால் இப்போதே இறுதியாக ஒட்டிவிடாதீர்கள், எஞ்சின் உட்காரும் வரை நான்கு புள்ளி வெல்டிங் மட்டும்.

முன் அச்சும் ஸ்டியரிங்கும்

வண்டியின் முகம் தாழ்ந்து நிற்பது இங்கேதான் தீர்மானமாகிறது. அந்தக் காலத்தில் 1932–36 அச்சின் இரண்டு முனைகளையும் சூடாக்கி இழுத்து வளைப்பார்கள், சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்க, நடு அச்சு இரண்டரை மூன்று அங்குலம் கீழே வரும். அப்படி இழுத்த அச்சு சந்தையில் கிடைக்கும், விரிசல் சோதனை செய்துதான் மாட்ட வேண்டும். ஸ்பிரிங்கின் முதல் பட்டையில் உள்ள கண்ணைக் கீழ்நோக்கிச் சுருட்டுவதற்குப் பதிலாக மேல்நோக்கிச் சுருட்டினால் இன்னும் ஓர் அங்குலம் போலத் தாழும்.

அச்சை முன்பின் நகராமல் பிடிப்பது விஷ்போன் என்ற "வி" வடிவக் கம்பி. இரண்டு கையும் அச்சைப் பிடித்து, நடுவில் கியர் பாக்ஸுக்கு அடியில் ஒரு குண்டில் சேரும். புதிய கியர் பாக்ஸுக்கு அடியில் அந்தக் குண்டுக்கு இடமில்லை, அதனால் "வி"-யைப் பிளந்து ஒவ்வொரு கையையும் அந்தந்தப் பக்கத்துச் சட்டத்தோடு சேர்ப்பது வழக்கம். அச்சு அதனால் கொஞ்சம் இறுகிவிடும், ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது தெரியும். அதற்கு வேறு மருந்து கிடையாது, அந்தக் காலத்து எல்லா வண்டியும் அப்படித்தான்.

பிளந்த கைகளைச் சட்டத்தில் பொருத்தும் உயரம்தான் கிங்பின்னின், அதாவது முன்சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான ஆணியின், சாய்வைத் தீர்மானிக்கும். மேல்முனை பின்னோக்கி 5 முதல் 7 டிகிரி சாய்ந்திருக்கட்டும். குறைந்தால் முப்பது மைல் வேகத்தில் முன்சக்கரங்கள் சாமியாடும். நான் மிகைப்படுத்தவில்லை, ஸ்டியரிங் வீல் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு ஆடும், நிறுத்தினால்தான் அடங்கும். சக்கரங்களின் முன்பக்கம் 1 முதல் 3 மில்லிமீட்டர் உள்நோக்கி இருக்க வேண்டும். கிங்பின், புஷ் எல்லாம் புதிது போடுங்கள். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஸ்டியரிங் பெட்டிக்கு 1948–52 ஃபோர்டு எஃப்-1 லாரியுடையதைத் தேடுங்கள். பலமானது, மாடல் ஏ-யின் சொந்தப் பெட்டியைவிடப் பல மடங்கு மேல். அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியும் விஷ்போனும் ஏறக்குறைய ஒரே திசையில், ஒரே நீளத்தில் ஓடினால் நல்லது. இல்லையென்றால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பும்.

பிரேக்

ஃபோர்டு ஆயில் பிரேக்குக்கு வந்ததே 1939-இல்தான், அதுவரை கம்பி பிரேக். ஆனால் 39-இன் டிரம்மை வாங்காதீர்கள், அதில் சக்கர போல்ட்டுகள் பத்தேகால் அங்குல வட்டத்தில் இருக்கும், உங்கள் சக்கரம் ஏறாது. 1940 முதல் 48 வரை மறுபடி பழைய ஐந்தரை அங்குல வட்டத்துக்கே வந்துவிட்டார்கள், அதுதான் நமக்கு வேண்டியது. 12 அங்குல டிரம், இவ்வளவு லேசான வண்டிக்கு நன்றாகவே பிடிக்கும். ஸ்பிண்டிலுக்கு (முன்சக்கரம் சுற்றும் தண்டு) 37–41 தேடுங்கள், பிந்தையது கிடைத்தால் அச்சுக் கண்ணின் உயரத்தோடு அளந்து பார்த்து வாங்குங்கள்.

பழைய பிரேக் ஷூவைக் கழற்றும்போது காற்றடித்துத் தூசி தட்டாதீர்கள், அது ஆஸ்பெஸ்டாஸ். ஈரத்துணியால் துடைத்து, முகக்கவசத்தோடு செய்யுங்கள்.

மாஸ்டர் சிலிண்டரில்தான் நான் என் 1950 விதியை மீறினேன். அசல் சிலிண்டரில் ஒரே வழிதான், எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை உள்ள சிலிண்டரைத் தரைக்கு அடியில் வைத்துவிட்டேன், யார் கண்ணுக்கும் தெரியாது. தரைக்கு அடியில் வைக்கும்போது சிலிண்டர் சக்கரத்தைவிடத் தாழ்வாகிவிடும், ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் இருக்க 10 பி.எஸ்.ஐ. தேக்கி வால்வு ஒன்று குழாயில் கட்டாயம். இதை மறந்துவிட்டு "மிதிக்க மிதிக்க முதல் மிதி பிடிக்க மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்கள் நிறைய.

எஞ்சின்

1932-இல் ஃபோர்டு கொடுத்த முதல் ஃப்ளாட்ஹெட் வி8 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். சாதாரண மனிதன் வாங்கும் விலையில் எட்டு சிலிண்டர் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம், ஹாட் ராட் என்ற கலாச்சாரமே அதன் முதுகில் ஏறி வந்ததுதான். நாம் தேடுவது அதன் கடைசித் தலைமுறை, 1949–53-இல் வந்த 8பிஏ. 239 கன அங்குலம், வருடத்தைப் பொறுத்து 100 முதல் 110 குதிரைத்திறன்.

வாங்கும் முன் விரிசல் பாருங்கள். வாங்கும் முன். என் முதல் பிளாக்கை விற்றவர் "நேற்று வரை ஓடியது" என்று சத்தியம் செய்தார், நானும் நம்பி வண்டியில் ஏற்றினேன். லேத் பட்டறையில் சுத்தம் செய்து காந்தப் பொடி போட்டுப் பார்த்தபோது மூன்று வால்வு சீட்டுகளிலிருந்து சிலிண்டர் வரைக்கும் விரிசல். அது இப்போது கராஜ் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. ஃப்ளாட்ஹெட்டில் விரிசல் வருவது சகஜம், வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலும், ஹெட் போல்ட் ஓட்டைகளைச் சுற்றியும் வரும். போல்ட் ஓட்டையிலிருந்து கிளம்பும் சின்ன விரிசலைச் சரிசெய்யலாம், சிலிண்டருக்குள் இறங்கியதை விட்டுவிடுங்கள். காந்தப் பொடி, தண்ணீர் அழுத்தம் இரண்டு சோதனையும் முடிந்த பிறகுதான் மீதிக் காசு என்று விற்பவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

அது ஏன் இவ்வளவு சூடாகிறது என்று கேட்பீர்கள். வால்வுகள் பிளாக்கின் நடுப்பக்கம், சைலன்சர் குழாய் வெளிப்பக்கம். எரிந்த புகை தண்ணீர் ஓடும் இடத்தைக் கிழித்துக்கொண்டு பிளாக்கைத் தாண்டி வெளியே வர வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு பக்கமும் நடுவில் உள்ள இரண்டு சிலிண்டருக்கு ஒரே வழி, நான்கு சிலிண்டருக்கு மூன்றே ஓட்டை. அந்த விட்டுவிட்டு இடிக்கும் சத்தம் இதனால்தான், சூடும் இதனால்தான். ஆகவே பிளாக்கின் தண்ணீர் வழிகளைச் சுத்தம் செய்வதில் ஒரு வாரம் செலவிட்டாலும் தகும். துரு மட்டும் இல்லை, எழுபது வருடத்துக்கு முன் வார்ப்பில் மாட்டிய மணல்கூட உள்ளே இருக்கும். வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்து, கம்பியை வளைத்து ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் விட்டுக் குடைந்து, கவிழ்த்துத் தட்டுங்கள். என்னுடையதிலிருந்து ஒரு டப்பா மணல் கொட்டியது.

ரீபோர் செய்வதென்றால் அந்தக் காலத்துச் சமையல் குறிப்பு ஒன்று இருக்கிறது. 1949–53 மெர்க்குரி காரின் கிராங்க் அப்படியே உள்ளே உட்காரும், அதன் ஓட்டம் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 4 அங்குலம், ஃபோர்டுடையதைவிடக் கால் அங்குலம் அதிகம். அதோடு சிலிண்டரை 3 5/16 அங்குலத்துக்குக் குடைந்தால் 276 கன அங்குலம் ஆகிவிடும். சிலிண்டர்ச் சுவரின் தடிமனை முதலில் அளக்கச் சொல்லுங்கள். வால்வுகளைத் திறக்கும் காம்ஷாஃப்டை மாற்றினால், அதற்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள டேப்பெட்டும் திருகி அளவு வைக்கும் வகையாக மாற்றுங்கள், அசல் டேப்பெட்டில் அளவு வைக்கும் வசதியே கிடையாது, வால்வின் தண்டைத் தேய்த்துத்தான் இடைவெளி வைக்க வேண்டும்.

மேலே இரண்டு ஸ்ட்ராம்பர்க் 97 கார்பரேட்டர், அலுமினிய மேனிஃபோல்டு. பார்க்கவும் அழகு. ஆனால் ஸ்ட்ராம்பர்க்குக்கு பெட்ரோல் அழுத்தம் இரண்டரை பி.எஸ்.ஐ.-க்கு மேல் ஆகாது, புது மின்சாரப் பம்பை அப்படியே மாட்டினால் வழிந்து சூடான மேனிஃபோல்டில் ஊற்றும். அழுத்தம் குறைக்கும் கருவி வையுங்கள். கராஜில் தீயணைப்பான் இருக்கிறதா என்று இந்த வரியைப் படித்ததும் போய்ப் பாருங்கள்.

கியர் பாக்ஸ், பின் அச்சு

1939 பெட்டிக்கு ஏன் மதிப்பு என்றால், தரையிலிருந்து எழும் கியர் கம்பி அதில்தான் கடைசி. 1940-இல் கம்பியை ஸ்டியரிங் தண்டுக்கு ஏற்றிவிட்டார்கள். 8பிஏ-வோடு இதைச் சேர்க்க 1948–52 ஃபோர்டு லாரியின் கிளட்ச் கூடு வேண்டும்.

பின்னால் பாஞ்சோ என்ற அச்சு, பார்க்க அந்த இசைக் கருவி மாதிரியே உருண்டையாக இருக்கும். சுழலும் தண்டு ஒரு மூடிய குழாய்க்குள் ஓடுகிறது, உங்கள் வண்டியின் நீளத்துக்கு இரண்டையும் வெட்டிக் குறைக்க வேண்டும். இதை நல்ல லேத் காரரிடம் கொடுத்துவிடுங்கள், நேர்க்கோடு தவறினால் வண்டி முழுக்க அதிரும். பின் சக்கர ஹப் கூம்பான தண்டில் இறுகியிருக்கும். கழற்ற அதற்கென்ற இழுப்பான் வேண்டும், தண்டின் நுனியில் சுத்தியலால் அடிக்காதீர்கள், உள்ளே உள்ளதெல்லாம் சேதமாகும்.

எல்லாவற்றையும் ஒருமுறை பொய்யாகக் கட்டுங்கள்

பெயின்ட் அடிக்கும் முன், எஞ்சின், கியர் பாக்ஸ், உடம்பு, ரேடியேட்டர், சீட், பெடல், சைலன்சர் குழாய் எல்லாவற்றையும் மாட்டி உள்ளே உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் எங்கே இடிக்கிறது, விசிறி ரேடியேட்டரில் தட்டுகிறதா, குழாய் ஸ்டியரிங் கம்பியில் உரசுகிறதா என்று எல்லாம் இப்போதுதான் தெரியும். டயரும் மாட்டுங்கள், முன்னால் 5.50-16, பின்னால் 7.00-16, வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்கும் அந்தச் சாய்வு இந்த அளவு வித்தியாசத்தில்தான் வருகிறது. இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். கூரையை வெட்டித் தாழ்த்தும் ஆசை வந்தால் அதையும் இப்போது அட்டை வைத்துப் பார்த்துத் தீர்மானியுங்கள், மூன்று அங்குலத்துக்கு மேல் வெட்டினால் உங்களுக்கு ஜன்னல் இருக்காது, தபால்பெட்டி வாய்தான் இருக்கும்.

பெட்ரோல் டேங்க் பற்றி ஒன்று. மாடல் ஏ-யின் டேங்க் ஓட்டுநரின் முழங்காலுக்கு நேர் முன்னால், கண்ணாடிக்குக் கீழே, உடம்போடு உடம்பாக இருக்கிறது. மேலிருந்து கீழே தானாக வடிவதால் பம்பே தேவைப்படவில்லை. மோதினால் மடியில் பெட்ரோல். டேங்கைப் பின்னால் மாற்றுங்கள், பழையதை வெறும் டாஷ்போர்டாக விட்டுவையுங்கள். எத்தனை வருடம் காலியாகக் கிடந்த டேங்காக இருந்தாலும் நீங்களே வெல்டிங் வைக்காதீர்கள், ஆவி உள்ளேயே இருக்கும்.

வயரிங் 6 வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை சேஸியோடு சேரும். நான் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டேன், துணி சுற்றிய வயர் போட்டதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு பையிலும் போல்ட் எங்கிருந்து வந்தது என்று எழுதி, பெயின்ட் அடித்து, திரும்ப மாட்டுங்கள். கறுப்புப் பெயின்ட் நெளிவை எல்லாம் காட்டிக்கொடுக்கும் என்பதால் பட்டி வேலையில் சோம்பினால் வேறு நிறம் தேர்ந்தெடுங்கள்.

முதல் ஓட்டம்

தெருவுக்குள்ளேயே, இருபது மைல் வேகத்தில், பிரேக்கை மட்டும் சோதியுங்கள். தண்ணீர் எவ்வளவு சூடாகிறது, ஆயில் அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்துத் திரும்பி வந்து, அடியில் அட்டை விரித்து எங்கே ஒழுகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒழுகும். முதல் ஐம்பது மைலுக்குப் பிறகு ஸ்பிரிங் யூ-போல்ட், விஷ்போன் முனைகள், ஸ்டியரிங் கை, ஹெட் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். குறிப்பாகப் பின் சக்கர ஹப் நட்: 220 அடி-பவுண்டுக்குக் குறையாமல் இறுக்கி, காட்டர் பின் போட்டு வளைத்திருக்க வேண்டும். அது தளர்ந்தால் கூம்பில் உள்ள சாவிக்கட்டை அறுந்து, எஞ்சின் ஓடும், சக்கரம் சுற்றாது. எனக்கு அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்து பதினோரு மைல் தள்ளி, பின் இருக்கை இல்லாத வண்டியில் மனைவியோடு.